வராத விருந்தினர் எழுதிய மதிப்புரை: பயண முன்பதிவுத் தளங்களுக்கு ஒரு திறந்த மடல்

பயண முன்பதிவுத் தளங்களில் விருந்தினர் மதிப்புரைகளை நிர்வகிக்கும் பொறுப்பாளர்களுக்கு,

கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், 14 அறைகள் கொண்ட லாட்ஜ் ஒன்றை நடத்தி வருகிறேன். 2024 நவம்பர் கடைசி வாரத்தில் உங்களில் ஒரு தளத்தின் வழியாக எங்களிடம் மூன்று அறைகள் முன்பதிவாயின. மூன்றுமே விடுதிக்கு வந்து பணம் செலுத்தும் வகை. மூவரில் ஒருவர்கூட வரவில்லை. ஆனால் அடுத்த பத்து நாட்களுக்குள் மூவரும் எங்கள் லாட்ஜில் தங்கியதாகச் சொல்லி, பத்துக்கு ஒன்று என மதிப்பெண் இட்டு மதிப்புரை எழுதிவிட்டார்கள். அவற்றை நீக்கும்படி நான் அனுப்பிய ஐந்து மின்னஞ்சல்களுக்கும் வந்த பதில்களின் சாரம் ஒன்றுதான்: முன்பதிவு எண் இருப்பதால் அவை சரிபார்க்கப்பட்ட மதிப்புரைகள், தளத்தின் விதிமுறைகள் எதையும் மீறவில்லை, ஆகவே நீக்க இயலாது. யார் சரிபார்த்தார்கள், எதை வைத்துச் சரிபார்த்தார்கள் என்ற என் கேள்விக்கு ஆறு மாதம் கழித்தும் விடை வராததால் இதைப் பொதுவில் எழுதுகிறேன். இதே வழிமுறையைப் பல தளங்கள் பின்பற்றுவதால், அந்தத் தளத்தின் பெயரைக் குறிப்பிடாமல் உங்கள் அனைவரையும் விளித்தே எழுதுகிறேன்.

நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடப்பதற்கு முன்பே டெல்டா மாவட்டங்களில் மழை கொட்டித் தீர்த்த வாரம் அது. பேருந்துகள் குறைந்து, வழக்கமாக வரும் நவக்கிரகக் கோயில் யாத்திரைக் குழுக்கள் பயணத்தைத் தள்ளிவைத்திருந்த நேரத்தில், முன்பதிவு செய்தவர்கள் வராமல் போனதில் எனக்கு வியப்பேதும் இல்லை. அவர்கள் வர வேண்டிய நாளன்று இரவு 11 மணி வரை மூன்று எண்களுக்கும் அழைத்துப் பார்த்தேன். மூன்றும் அணைத்து வைக்கப்பட்டிருந்தன. விருந்தினர் வரவில்லை என்றால் விடுதிக்காரர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் தளத்தில் தமக்குரிய பக்கத்தில் நுழைந்து 'வரவில்லை' என்று குறிக்க வேண்டும் என்பது அந்தத் தளத்தின் விதி. எங்கள் தெருவில் இரண்டு நாட்களுக்கு மேல் இணைய இணைப்பு இல்லை. மூன்றாம் நாள் நான் உள்ளே நுழைந்தபோது கெடு முடிந்திருந்தது. குறிக்காததால் அவர்கள் தங்கியதாகவே கணக்காகி, 1,600 ரூபாய் அறை ஒன்றுக்கு 15 விழுக்காடு, அதாவது 240 ரூபாய் வீதம், மூன்று அறைக்கும் 720 ரூபாய் கமிஷன் என் கணக்கில் ஏறியது. அந்தப் பணத்தைப் பற்றி எனக்கு இப்போது பேச்சில்லை. தங்கியதாகக் கணக்கானதால் மூவருக்கும் மதிப்புரை எழுதச் சொல்லி உங்கள் அழைப்பு தானாகவே போனது என்பதுதான் என் குறை.

மூவரில் ஒருவர் 'காலைச் சிற்றுண்டி ஆறிப்போய் இருந்தது, இட்லி கல் மாதிரி' என்று எழுதியிருந்தார். எங்கள் லாட்ஜில் அடுப்பே கிடையாது. என் அப்பா காலத்திலிருந்து சமையலறை வைத்ததில்லை; வாசலில் நின்று கை காட்டினால் தெரிகிற தூரத்தில் மெஸ் இருக்கிறது, விருந்தினர்கள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். லாட்ஜ் வேறு, ஹோட்டல் வேறு என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எழுதியவருக்குத் தெரியவில்லை என்றால் அவர் எங்கள் வாசற்படியை மிதித்ததில்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா என்று கேட்டிருந்தேன். உணவின் தரம் என்பது விருந்தினரின் தனிப்பட்ட கருத்து என்று பதில் வந்தது. அன்றைய தேதியிட்ட வருகைப் பதிவேட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒவ்வொரு விருந்தினரின் பெயர், முகவரி, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். காவல் துறையினர் வந்து கேட்டால் நாங்கள் எடுத்துக் காட்டுவதும் அதைத்தான். அத்தகைய ஆவணங்களைப் பரிசீலிக்கும் நடைமுறை இல்லை என்று அதற்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது.

எங்களுக்கு அதற்கு முன் இருந்தவை 40 மதிப்புரைகள், சராசரி 8.4. மூன்று ஒன்றுகள் சேர்ந்ததும் அது 7.9 ஆகிவிட்டது. பார்க்க அரைப் புள்ளிதான். ஆனால் வெளியூர்க்காரர்கள் அறை தேடும்போது '8-க்கு மேல்' என்ற கட்டத்தைத் தட்டிவிட்டுத்தான் தேடுகிறார்கள். தட்டிய கணமே எங்கள் லாட்ஜ் பட்டியலில் இருந்து மறைந்துவிடுகிறது. வழக்கமாக ஒரு மாதத்துக்கு முன்பே நிறைந்துவிடும் மாசி மகத்தன்று அந்த ஆண்டு நான்கு அறைகள் காலியாகக் கிடந்தன. மூன்றாவது மதிப்புரை வந்து நான்கு நாள் ஆகியிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: 'சார், உங்க ரேட்டிங் எட்டுக்குக் கீழ போயிருக்கு. 25 நல்ல ரிவ்யூ, 6,000 ரூபாய், ஒரே மாசத்துல ஏத்தித் தரோம்.' இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. எந்தப் போட்டி லாட்ஜ் மீதும் நான் பழி சொல்லவும் இல்லை. ஆனால் என் மதிப்பெண் இறங்கியது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தத் தரகருக்கும் தெரிந்திருந்தது.

என் கையும் சுத்தமில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். 2014-இல் இணையத்தில் முதன்முதலாக எங்கள் லாட்ஜைப் பதிவு செய்தபோது, யார் வேண்டுமானாலும் மதிப்புரை எழுதலாம் என்ற வகையைச் சேர்ந்த ஒரு தளத்தில் என் மைத்துனரும், அக்கா பிள்ளைகளும், அவர்களின் நண்பர்களுமாக ஆறு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டுப் புகழ்ந்து எழுதினார்கள். நான் கேட்டுக்கொண்டுதான் எழுதினார்கள். அந்த ஆறும் இன்றுவரை அங்கே இருக்கின்றன. எந்தக் கண்காணிப்பிலும் சிக்கவில்லை. சென்ற ஆண்டு, அதே தளத்தில், காரைக்குடியிலிருந்து வந்து மூன்று நாள் தங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி, அறையைக் காலி செய்துவிட்டு ஆட்டோவுக்காக எங்கள் வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில், எங்கள் வைஃபையில் இருந்தபடியே ஒரு மதிப்புரை எழுதினார்கள். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ் அறையைக் கேட்டு வாங்குங்கள். குளித்துவிட்டு வந்தால் ஈரத்துணி காயப்போட மொட்டை மாடியில் கொடி கட்டியிருக்கிறார்கள், அது பெரிய வசதி. அதிகாலை நாலரைக்குக் கோயில் மணி கேட்கும், தூக்கம் கலையும். அவ்வளவுதான் எழுதினார்கள். இரண்டே நாளில் அது சந்தேகத்துக்குரியது என்று நீக்கப்பட்டது. விடுதியின் இணைய இணைப்புக்குரிய முகவரியில் (ஐ.பி. முகவரி) இருந்தே எழுதப்பட்டதால் விடுதிக்காரன் தனக்குத்தானே எழுதிக்கொண்டது என்று உங்கள் இயந்திரம் முடிவு செய்துவிட்டது என நினைக்கிறேன். காரணம் சொல்லப்படவில்லை, ஆகவே ஊகிக்கத்தான் முடிகிறது. அந்த அம்மா எனக்குத் தொலைபேசியில் அழைத்து, "நாங்க பொய் எழுதினோம்னு சொல்றாங்களா தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

போலியைப் பிடிக்க நீங்கள் செய்பவை எதுவும் வீண் என்று நான் சொல்லவில்லை. புதிதாகத் தொடங்கிய கணக்கா, ஒரே கருவியில் இருந்து பல கணக்குகளா, பல மாதம் அமைதியாக இருந்த விடுதிக்கு ஒரே வாரத்தில் மதிப்புரைகள் குவிகின்றனவா, ஒரே கூட்டத்தார் ஒரே விடுதிகளைச் சுற்றிச் சுற்றிப் புகழ்கிறார்களா என்றெல்லாம் இயந்திரம் முதலில் சலித்து, ஐயமானவற்றை மனிதர்கள் பார்க்கிறார்கள் என்று நீங்களே வெளியிடும் அறிக்கைகளில் படித்திருக்கிறேன். பயண மதிப்புரைத் தளமான டிரிப்அட்வைசர் 2022-ஆம் ஆண்டில் வந்த 3 கோடிக்கும் மேற்பட்ட மதிப்புரைகளில் சுமார் 13 லட்சம் போலி என்று கண்டறிந்ததாகத் தானே அறிவித்தது. அப்படிக் கணக்குக் காட்டுவதையே பாராட்ட வேண்டும். ஆனால் எழுத்தையும் கணக்கையும் மட்டும் பார்த்துப் பிடிப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதும் நெடுநாளாகவே தெரிந்த செய்தி.

2011-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிகாகோ நகரின் 20 ஹோட்டல்களை எடுத்துக்கொண்டு, ஒரு மதிப்புரைக்கு ஒரு டாலர் கூலி கொடுத்து 400 பொய்ப் புகழுரைகளை எழுத வைத்தார்கள். அவற்றோடு 400 உண்மையான மதிப்புரைகளைக் கலந்து, அதில் ஒரு பகுதியை மனிதர்களிடம் கொடுத்தபோது, அவர்கள் கண்டுபிடித்த விதம் காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடப் பெரிதும் மேலாக இல்லை. கணினி நிரலோ ஏறக்குறைய 90 விழுக்காடு சரியாகச் சொன்னது. உண்மையில் தங்கியவர்கள் குளியலறை, மாடி, அறையின் அளவு, இருப்பிடம் என்று இடத்தைப் பற்றிப் பேசினார்கள். கூலிக்கு எழுதியவர்கள் கணவரோடு வந்தேன், விடுமுறைக்கு வந்தேன், தொழில் நிமித்தம் வந்தேன் என்று தங்களைப் பற்றியே பேசினார்கள். காரைக்குடி அம்மாவின் மாடிப்படியையும் துணிக்கொடியையும் நினைத்துக்கொண்டேன். ஆனால் அது 2011. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் 'கும்பகோணம் லாட்ஜ், செங்குத்தான படி, மொட்டை மாடிக் கொடி, தமிழில் பத்து வரி' என்று கேட்டால், தங்காத ஒருவருக்கும் தங்கியவரின் எழுத்து அரை நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. ஆகவே எழுத்தை முகர்ந்து பார்த்துத் தீர்ப்பு சொல்லும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. தங்கினாரா என்பதைத்தான் நீங்கள் பார்த்தாக வேண்டும்.

தங்கியதற்குச் சான்று கேட்பதால் என்ன மாறும் என்பதற்கும் ஆய்வு உண்டு. முன்பதிவு செய்தவர் மட்டுமே எழுத முடிந்த எக்ஸ்பீடியாவையும், எவரும் எழுத முடிந்த டிரிப்அட்வைசரையும் ஒப்பிட்டு, 2014-இல் அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் மூன்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். பக்கத்திலேயே போட்டி ஹோட்டல் இருக்கும் ஹோட்டல்களுக்கு, எவரும் எழுதக்கூடிய தளத்தில் வசைகள் கூடுதலாக இருந்தன. பெரிய சங்கிலி நிறுவனங்களைவிட, தனியாக நடத்தும் சிறு உரிமையாளர்களே தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்ள அதிகம் முனைகிறார்கள் என்றும் கண்டார்கள். அந்தச் சிறு உரிமையாளர் பட்டியலில் 2014-ஆம் ஆண்டின் நானும் உண்டு என்பதால் அந்த முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. அதேசமயம் பெரியவர்கள் வேறு வழியில் செய்கிறார்கள் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். ஆஸ்திரேலியாவில் அடுக்குமாடி விடுதிகள் நடத்தும் மெரிட்டன் நிறுவனம், குறை சொல்வார்கள் என்று தான் கருதிய விருந்தினர்களின் மின்னஞ்சல் முகவரிகளில் வேண்டுமென்றே கூடுதல் எழுத்துகளைச் சேர்த்து டிரிப்அட்வைசருக்கு அனுப்பி, மதிப்புரை கேட்கும் அழைப்பு அவர்களுக்குப் போய்ச் சேராமல் செய்தது. 2018-இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் அதற்கு 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பொய் ஒரு வரிகூட எழுதாமலே சராசரியை ஏற்றிக்கொள்ள முடிந்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேடு இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம், இணைய வரைபடத்தில் தெரியும் ஹோட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு அதன் படத்தை அனுப்பினால் போதும் என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் ஆள் பிடிக்கிறார்கள். முதல் சில நாட்கள் நூறும் இருநூறுமாகப் பணம் வந்துவிடுகிறது. நம்பிக்கை வந்ததும் 'பெரிய வேலை'க்கு முன்பணம் கட்டச் சொல்லி ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் சுருட்டிக்கொள்கிறார்கள். இத்தகைய மோசடியில் ஏமாந்து 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்தவர்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. அந்தத் தூண்டிலில் புழுவாக மாட்டப்பட்ட நட்சத்திரங்கள் யாரோ ஒரு லாட்ஜின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த லாட்ஜ்காரர் கேட்காமலே கூட.

சட்டம் இல்லாததால் கைகட்டி நிற்கிறோம் என்று நீங்கள் சொல்லிவிடவும் முடியாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பவர் தன்னை நுகர்வோர் போலக் காட்டி மதிப்புரை இடக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், இணைய மதிப்புரைகளைத் திரட்டுவது, நெறிப்படுத்துவது, வெளியிடுவது ஆகியவற்றுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. எழுதியவரை மின்னஞ்சல், தொலைபேசி, குறுஞ்செய்தி, ஐ.பி. முகவரி போன்ற வழிகளில் சரிபார்க்க வேண்டும், காசுக்கு எழுதப்பட்டவற்றை வெளியிடக் கூடாது என்கிறது அது. தானாக முன்வந்து ஏற்கும் தரநிலையாக அது வந்தது என்பதுதான் அதன் பலவீனம். கடல் கடந்த நாடுகளில் உங்கள் நிலைமை இவ்வளவு சௌகரியமாக இல்லை. மதிப்புரைகள் உண்மையான வாடிக்கையாளர்களிடம் இருந்துதான் வருகின்றன என்பதை உறுதி செய்கிறீர்களா, எப்படிச் செய்கிறீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே 28 முதல் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் போலி மதிப்புரைகளை விற்பதும் வாங்குவதும் தடை செய்யப்பட்டு, மீறல் ஒன்றுக்கு 51,744 டாலர் வரை அபராதம் என்றானது. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் உலகளாவிய விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை தண்டம் விதிக்கலாம். இத்தாலியின் லெச்சே நகரில் விடுதிகளுக்குப் போலி மதிப்புரை விற்றவருக்கு 2018-இலேயே ஒன்பது மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அங்கெல்லாம் செய்தாக வேண்டியதை, அதே மென்பொருளை வைத்துக்கொண்டு, இங்கும் செய்வதில் உங்களுக்கு என்ன தடை என்பது எனக்குப் புரியவில்லை.

மோசமான மதிப்புரைகளை நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் எண் அறையில் வெந்நீர் வரவில்லை, மூன்று முறை சொல்லியும் ரூம்பாய் கண்டுகொள்ளவில்லை என்று மதுரைக்காரர் ஒருவர் நான்கு மதிப்பெண் போட்டு எழுதினார். அவர் எழுதியது அத்தனையும் உண்மை. கீசரை மாற்றினேன், அந்தப் பையனையும் கண்டித்தேன். அந்த மதிப்புரை இன்னும் இருக்கிறது, இருக்கட்டும்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. முன்பதிவு எண் இருப்பதை மட்டும் தங்கியதற்குச் சான்றாகக் கொள்வதை நிறுத்துங்கள். விடுதியில் பணம் செலுத்தும் வகை முன்பதிவுகளில், விருந்தினர் வந்து சேர்ந்ததை விடுதிக்காரர் உறுதி செய்த பிறகோ, விருந்தினரின் கைபேசிக்கு வரும் கடவு எண்ணை வரவேற்பறையில் பதிந்த பிறகோ மட்டுமே மதிப்புரைக்கு அழைப்பு போகட்டும். விடுதிக்காரர் பொய் சொல்லி மோசமான விருந்தினரைத் தடுத்துவிடுவாரே என்று நீங்கள் அஞ்சலாம்; மெரிட்டன் கதையைச் சொன்ன நானே அதை மறுக்க முடியாது. அதற்காகத்தான் கட்டண ரசீதையோ அறையில் எடுத்த படத்தையோ காட்டி விருந்தினரும் தான் தங்கியதை நிறுவ வழி இருக்க வேண்டும் என்கிறேன். 'வரவில்லை' என்று குறிப்பதற்கான 48 மணி நேரக் கெடுவை, மழை வெள்ளம் என்று அரசு எச்சரிக்கை விடுத்த மாவட்டங்களுக்காவது ஏழு நாளாக நீட்டுங்கள்.

மதிப்புரையை நீக்கக் கேட்டு விடுதிக்காரர் எழுதும்போதும், எழுதிய மதிப்புரை நீக்கப்பட்டுவிட்டதே என்று விருந்தினர் கேட்கும்போதும், இயந்திரம் அல்லாத ஒரு மனிதர் பார்த்து, காரணத்தை ஓரிரு வரியாவது எழுதி, 15 நாட்களுக்குள் பதில் தாருங்கள். நுகர்வோர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று உங்கள் குறைதீர் அலுவலருக்கு விதி இருக்கிறது. அதுபோன்ற ஒரு கெடுவை எங்களுக்கும் கொடுப்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. வருகைப் பதிவேட்டின் பக்கத்தை, மற்ற விருந்தினர்களின் விவரங்களை மறைத்து அனுப்பினால், சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். பரிசீலனையில் இருக்கும் மதிப்புரையின் மதிப்பெண்ணை முடிவு தெரியும் வரை சராசரியில் சேர்க்காதீர்கள். ஆண்டுக்கொரு முறை, உலகக் கணக்கோடு நிற்காமல் தமிழ்நாட்டுக்கென்று தனியாக, எத்தனை மதிப்புரைகள் வந்தன, எத்தனை நீக்கப்பட்டன, எத்தனை முறையீடுகள் வந்து எத்தனையில் முடிவு மாறியது என்று வெளியிடுங்கள். ஐ.எஸ். 19000 தரநிலையை ஏற்கிறீர்களா இல்லையா என்பதையும் முகப்புப் பக்கத்தில் சொல்லுங்கள்.

இவற்றை 2028 மகாமகத்துக்கு முன்பே செய்து முடிக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் அந்தக் கூட்டத்தில், கும்பகோணத்துக்கு முன்பின் வந்திராத லட்சக்கணக்கானவர்கள் உங்கள் நட்சத்திரங்களை நம்பித்தான் அறை எடுப்பார்கள். இப்போதே ஊரில் புதிய லாட்ஜுகளின் கட்டுமானம் நடக்கிறது. அந்த வாட்ஸ்அப் தரகருக்கும் அது தெரியாமல் இருக்காது.

இறுதியாக என் சொந்தக் கோரிக்கைகள் இரண்டு. மேலே சொன்ன மூன்று முன்பதிவுகளின் எண்களையும், அன்றைய பதிவேட்டுப் பக்கத்தையும், அணைத்து வைக்கப்பட்ட எண்களுக்கு நான் அழைத்த அழைப்புப் பட்டியலையும் சம்பந்தப்பட்ட தளத்துக்கு ஆறாவது முறையாக இன்று அனுப்பியிருக்கிறேன். நகல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் போகிறது. அந்த மூன்றையும் நீக்குங்கள், அல்லது அவர்கள் மூவரும் எந்த அறையில் தங்கினார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். மற்றொரு தளத்தாருக்கு: 2014-இல் என் உறவினர்கள் எழுதிய ஆறு புகழுரைகளின் விவரத்தையும் அனுப்பியுள்ளேன். அவற்றையும் எடுத்துவிட்டு, காரைக்குடி ஆசிரியத் தம்பதியின் மதிப்புரையைத் திரும்பப் போடுங்கள்.

இப்படிக்கு,
லாட்ஜ் உரிமையாளர் ஒருவர்,
கும்பகோணம்.